அப்பாடக்கர் இலக்கணம்

"நீ என்ன பெரிய அப்பாடக்கரா?" ஹாஸ்டல்ல இதைக் கேட்காத நாள் உண்டா? ஆனா அப்பாடக்கர்னா என்னன்னு உங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா? இல்லை. முதல் தடவை கேட்டப்பவே புரிஞ்சது. எப்படி?

விடை அந்தச் சொல்லில் இல்லை, சுற்றியுள்ள வாக்கியத்தில் இருக்கிறது. "நீ என்ன பெரிய ......ஆ?" என்பது ஓர் அச்சு. கலெக்டர், மந்திரி, விஞ்ஞானி, எதைப் போட்டாலும் 'பெரிய ஆளா?' என்றுதான் பொருள். அர்த்தமே இல்லாத சொல்லைப் போட்டாலும் அச்சு அர்த்தம் கொடுத்துவிடும். ஆரணிக்காரங்களுக்குச் சொல்லணுமா? பாவு சரியா இருந்தா ஊடையில எந்த நிறமும் ஓடும். இலக்கணம் பாவு, புதுச்சொல் ஊடை.

பெயர்களிலும் இதே வேலைதான். 'வின்னர்' (2003) படத்தில் வடிவேலு ஊர் ரவுடி, பெயரோ கைப்புள்ள! 'மருதமலை'யில் (2007) என்கவுண்டர் ஏகாம்பரம். மோனை கச்சிதம், வீரம் பூஜ்யம். 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யில் (2006) பட்டப்பெயர், எண், பரம்பரை எல்லாம் அரச முறைப்படியே இருக்கு. உள்ளே இருக்கறது மட்டும் இம்சை.

சுமார் 2200 வருஷத்துக்கு முன்னாடி ரோமில் ப்ளாட்டஸ் என்ற நாடக ஆசிரியரும் இதைத்தான் செய்தார். அவருடைய தற்பெருமைப் படைவீரன் பெயர் பிர்கோபோலினிகேஸ். கோபுரம், நகரம், வெற்றி என்ற கிரேக்கச் சொற்களை ஒட்டிய பெயர். அவனுக்கு ஜால்ரா போடுறவன் பெயர் ஆர்டோட்ரோகஸ், அதாவது ரொட்டி கொறிப்பவன். பெயரிலேயே சம்பளம் தெரியுது பாருங்க.

சரி, இதெல்லாம் நமக்கு எதுக்கு? "டெக்னிக்கல் விஷயத்துக்குத் தமிழ்ல வார்த்தை வராது"ன்னு கிளாஸ்ல அடிக்கடி சொல்றோம். ஆனா மாற்று–மாற்றி, கடத்து–கடத்தி, பெருக்கு–பெருக்கி என்று 'இ' போட்டால் கருவி பிறக்கிறது. மின்மாற்றி வந்தது இந்த அச்சில்தான். அடுத்தவனுக்கு ப்ராக்ஸி கொடுக்கும் நண்பனை 'குரல்மாற்றி'ன்னு கூப்பிட்டுப் பாருங்க. யாரும் விளக்கம் கேட்க மாட்டாங்க, சிரிப்பாங்க. அவன் லேபில் இருக்கற மின்மாற்றிக்குத் தம்பி!

கேலிக்குச் சொல் உருவாக்கத் தெரிந்த நமக்கு, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு உருவாக்க மட்டும் ஏன் தயக்கம்? புதுச்சொல் முதலில் சிரிப்பாத்தான் இருக்கும். அப்பாடக்கரும் அப்படித்தானே இருந்தது? பழகப் பழக நம்ம சொல்லாயிடுச்சு.