நீறு பூத்த நெருப்பு

குழந்தைக்குச் சுரம் கண்டால் வீட்டார் அனைவரும் கலங்குகின்றனர். சுரம் தணிந்து குழந்தை முற்றத்தில் ஓடத் தொடங்கியதும் அக்கலக்கம் மறைந்துவிடுகிறது. இது இயல்பே. ஆயின், சுரம் தணிந்த பின்னரும் தணியாத பிணி ஒன்று உண்டு. அதுபற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

யூதர், அராபியர், துருக்கியர், ஆர்மேனியர் ஆகியோரிடையே பரம்பரையாக மிகுதியும் காணப்படும் இந்நோய் ‘மத்தியதரைக் குடும்பச் சுரம்’ எனப்படும். கிருமிகளை எதிர்க்க உடல் எழுப்பும் வெப்பமும் வீக்கமுமே அழற்சி. இந்நோயாளரிடத்தோ, கிருமி எதுவும் இல்லாமலே அழற்சி மூண்டுவிடுகிறது. இதற்குக் காரணமான மரபணு 1997ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. பெற்றோர் இருவரும் நலமாயிருந்தே, அக்குறையைப் பிள்ளைக்கு வழங்கிவிடுதல் கூடும்.

சுரம் திடீரென வரும். வயிறு, மார்பு, மூட்டுகள் நோகும். ஒன்று முதல் மூன்று நாட்களில் எல்லாம் அடங்கிவிடும். பின்னர்ச் சில வாரங்கள் குழந்தை நலமாகவே தோன்றும். ஆனால், அந்நாட்களில் இரத்தத்தைப் பரிசோதித்தால், சில குழந்தைகளிடத்தில் அழற்சியின் அடையாளங்கள் குறையாதிருத்தலைக் காணலாம்.

இதனால் என்ன தீங்கு என்று கேட்பீர்கள். அழற்சி நீடிக்குங்கால் ஈரல் ஒருவகைப் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. ஆண்டுக்கணக்கில் இந்நிலை தொடர்ந்தால் அப்புரதம் சிறுநீரகங்களிற் படிந்து, இறுதியில் அவற்றைச் செயலிழக்கச் செய்யும். சிறுநீரிற் புரதம் வெளிப்படுவதே இதன் முதல் அறிகுறி. குருதிச் சோகையும் வளர்ச்சிக் குறைவுங்கூட மறைந்திருக்கும் அழற்சியின் விளைவுகளாகலாம்.

நற்செய்தியும் உண்டு. 1972ஆம் ஆண்டு முதல் கொல்சிசின் என்னும் மருந்து இந்நோய்க்குப் பயன்பட்டு வருகிறது. நாள்தோறும் தவறாது உட்கொண்டால் அது சுரத்தைத் தடுப்பதோடு சிறுநீரகங்களையும் காக்கிறது. அது போதாதவர்க்குப் புதிய ஊசி மருந்துகளும் உள்ளன. நமது வேலிகளிற் படரும் கார்த்திகைப் பூக்கொடியின் கிழங்கிலும் கொல்சிசின் உண்டு. எனினும் அக்கிழங்கு உயிர்கொல்லும் நஞ்சு. வைத்தியர் அளந்து தரும் மாத்திரை வேறு, கிழங்கு வேறு என்பதை மறத்தலாகாது.

பிள்ளை விளையாடுகிறதே என்று பெற்றோர் மருந்தை நிறுத்திவிடுவதுதான் பேராபத்து. நலமாயிருக்கும் நாளிலும் இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிப்பித்தல் வேண்டும். நீறு பூத்திருப்பதால் நெருப்பு அவிந்துவிட்டதென்று கருதலாமோ?