கேபிளின் உள்ளே செம்பா, அலுமினியமா?

1990இல் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளம் கரையோரம் வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று இணையத்தில் பாடம் கேட்கிறார்கள். ரவுட்டரிலிருந்து படிக்கும் அறைக்குக் கேபிள் வாங்கும்போது கவனம் தேவை. மலிவானவை பலவற்றில் இருப்பது செம்பு பூசிய அலுமினியம். கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் வேண்டாம். அது மடித்தால் முறியும். நுரைச்சோலையின் உப்புக்காற்றில் முனைகள் விரைவில் அரித்துப்போகும். வெங்காயம் விற்ற காசு வீண்.

‘கேட் 5ஈ’ என அச்சிட்ட முழுச் செம்புக் கேபிள் 100 மீற்றர் வரை செக்கனுக்கு 1 கிகாபிட் கொண்டுசெல்லும். விலை கூடிய ‘கேட் 6’ எமக்கு எதற்கு? முற்றத்தைக் கடப்பதானால் வெயில் தாங்கும் கறுப்பு உறையுள்ளதைக் கேளுங்கள். மின்சார வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். வானம் இருட்டும்போதே, இடி தொடங்குமுன், இரு முனைகளையும் கழற்றிவிடுங்கள்.