பழைய மோட்டார் வண்டிக்குப் புதுவண்ணம்



ஆரணியில் பிறந்து வளர்ந்தோர்க்குச் சாயப் பட்டறை புதிதன்று. கச்சாப் பட்டு நூலை வாங்கி வந்தவுடன் எவரும் அதனைச் சாயத் தொட்டியில் இட்டுவிடுவதில்லை. பட்டுப்புழு கூடு கட்டும்போது சுரந்த செரிசின் என்னும் பசை இழையின்மேல் படிந்திருக்கிறது. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டு அப்பசையை முதலில் போக்குகின்றனர். நூலின் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு இதனால் குறைந்துபோகிறது. விலையுயர்ந்த பொருள் எடை குறைகிறதே என்று வருந்தி இவ்வேலையை விட்டுவிட்டால், சாயம் சீராகப் பற்றாது. பட்டுக்குரிய பளபளப்பும் வெளிப்படாது.

பழைய மோட்டார் வண்டி ஒன்றை வீட்டு முற்றத்தில் வைத்துப் பிரித்து, வண்ணம் பூசி, மீண்டும் பூட்ட முனைவோரும் இதே பாடத்திலிருந்துதான் தொடங்கவேண்டும்.

நம் தமிழ்நாட்டிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியை எடுத்துக்கொள்வோம். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு தொழிற்சாலை 1961 முதல் இதனைச் செய்து விற்றது. இதன் அமைப்பில் ஒரு புதுமை உண்டு. பிரிட்டனில் வண்டியின் முழு உடலையும் தகட்டில் அழுத்தித் தந்துவந்த பிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை, 1953-இல் பி. எம். சி. என்னும் போட்டி நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஒரே கூடாக உடலைச் செய்து தருவார் இல்லாமையால், ஹெரால்டின் உடலைப் பல துண்டுகளாகச் செய்து, 'சேசிஸ்' எனப்படும் அடிச்சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் பூட்டும் முறையை வகுத்தனர். அன்று நேர்ந்த முட்டுப்பாடு, இன்று வீட்டில் பழுது பார்ப்போர்க்குப் பேருதவியாயிற்று. ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே கழற்றிவிடலாம்.

ஆயினும், செய்த தொழிற்சாலை மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன என்பதை மறத்தலாகாது. இழந்த உறுப்புக்கு மாற்றுப் பெறுவது எளிதன்று. ஆதலால், கழற்றும்போதே ஒவ்வோர் இடத்துப் போல்ட்டையும் வாஷரையும் தனிப் பையில் இட்டுச் சீட்டு எழுதி வைத்தல் வேண்டும். கழற்றுமுன் படம் பிடித்து வைப்பதும் நன்று. 'நினைவில் இருக்கிறது' என்று சொல்வோரின் வண்டிகள்தாம் ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் கிடக்கின்றன!

இனி, துருவின் செய்திக்கு வருவோம். இரும்பும் நீரும் உயிர்க்காற்றும் கூடிப் பிறப்பது துரு. அது தான் தின்ற இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. எனவே, துருவின்மேல் எத்துணை அழகிய வண்ணத்தைப் பூசினும், அடியிலிருந்து அது வண்ணத்தைத் தூக்கிப் பிளந்துவிடும். தகட்டைப் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, அன்றே பிரைமர் பூச வேண்டும். ஓரிரவு தாழ்த்தினும் மழைக்காலத்துக் காற்றின் ஈரம் புதுத்துருவைக் கொணர்ந்துவிடும். பின்னர்ப் பட்டி பார்த்துப் பள்ளங்களை நிரப்பி, நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மொத்த உழைப்பில் பெரும்பகுதி இங்கேயே செலவாகும். பார்ப்பவர் கண்ணுக்கு இதில் ஒன்றும் புலப்படாது.

வண்ணத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்க கால வண்டிகளுக்குக் குதிரை வண்டிகளைப் போலவே வார்னிஷ் கலந்த எண்ணெய் வண்ணம் பூசினர். பூச்சுமேல் பூச்சாக உலர்ந்து முடிய வாரக்கணக்கில் ஆயிற்று. 1924-ஆம் ஆண்டு மாதிரி ஓக்லண்டு வண்டிகளுக்கு 'டியூக்கோ' என்னும் நைட்ரோசெல்லுலோஸ் வண்ணத்தைப் பூசியபோது நிலைமை மாறிற்று. இவ்வண்ணம் தின்னர் ஆவியாவதால் உலர்வது. ஆதலின் வாரங்கள் மணிகளாயின.

அவ்விரைவில் ஓர் இடரும் உள்ளது. ஆவியாகும் தின்னர் பூச்சின் வெப்பத்தைக் கவர்ந்து செல்ல, குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிகிறது; வண்ணம் பால்போல் வெளுத்துவிடுகிறது. பானைநீர் குளிர்வதற்குக் கூறும் காரணமே இதற்கும் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இவ்வேலையைத் தொடாமல் இருப்பது நலம். ஒரே தடவையில் கனமாகத் தெளித்தால் வண்ணம் வழியும். மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை தெளிப்பதே முறை.

இக்காலத்தில் கடினமாக்கும் திரவம் சேர்த்துக் கலக்கும் பாலியூரித்தேன் வண்ணமே பெரிதும் வழங்குகிறது. அதிலுள்ள ஐசோசயனேட்டு மூச்சுக்குழலைத் தாக்கி, ஆஸ்துமா நோயை உண்டாக்க வல்லது. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு இதனைத் தெளிப்பது அறியாமை. வெளியிலிருந்து தூய காற்றைச் செலுத்தும் முகமூடி இல்லாதவர் இவ்வேலையைத் தக்க பட்டறையில் ஒப்படைத்துவிடுவதே அறிவுடைமை. பிரிப்பதும் தேய்ப்பதும் பூட்டுவதும் வீட்டிலேயே நடக்கலாம்; அவற்றில் பெருமை குறைவில்லை.

பூட்டும்போது அவசரம் கூடாது. முதலில் எல்லாப் போல்ட்டுகளையும் தளர்வாகவே மாட்ட வேண்டும். கதவுகளை மூடிப் பார்த்து, விளிம்புகளின் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒத்திருக்கும்படி தகடுகளை நகர்த்தி, அதன்பின் முறுக்க வேண்டும். கோவை அவிநாசி சாலையில் 2015-இல் திறக்கப்பெற்ற ஜீடீ கார் அருங்காட்சியகத்திற்குச் செல்ல நேர்ந்தால், வண்டிகளின் பளபளப்பில் மயங்காமல் இவ்விடைவெளிகளைக் கவனியுங்கள்.

எல்லாம் பூட்டியாயிற்று, விசையைத் திருப்பினால் விளக்கு எரியவில்லை! பேட்டரியையும் பல்பையும் குறை கூறுவதற்குமுன் பௌதிகப் பாடத்தை நினைவுகூருங்கள். மோட்டார் வண்டியில் மின்னோட்டம் கம்பி வழியாக விளக்கை அடைந்து, வண்டியின் இரும்பு உடல் வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிறது. கம்பியின் முனை உடலைத் தொடும் இடத்தில் நாம் பூசிய புதுவண்ணமே தடையாக நிற்கிறது. ஒரு காசளவு இடத்தில் வண்ணத்தைச் சுரண்டி, கம்பியை இறுக்கிப் பூட்டி, அதன்மேல் சிறிது கிரீசு தடவினால் விளக்கு எரியும்.