பாசிக்கரியும் உமிக்கரியும்

முள்ளியவளைப் பக்கத்து வயற்காரருக்கு மண்ணில் கரி போடுவது புதுசில்லை. நெல்லுமியை அரைவாசி எரித்து மண்ணோடு கலக்கும்படி விவசாயத் திணைக்களமே சொல்லிவருகிறது. 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து வயல்கள் வாடினபோது பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. அதனால் பசளைச் செலவைக் குறைக்கும் என்று எதைச் சொன்னாலும் காது கொடுக்கத்தான் செய்கிறோம். அந்த வரிசையில் இப்போது நுண்பாசிக்கரி.

குளத்து நீரைப் பச்சையாக்குகிற, கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அல்காக்களைத்தான் நுண்பாசி என்கிறோம். ஒரு கிலோ உலர்பாசி வளர்வதற்குள் ஏறத்தாழ 1.8 கிலோ காபனீரொட்சைட்டை உள்ளிழுத்துவிடும். அதைக் காற்றுப் புகாமல் சூடாக்கிக் கரியாக்கி மண்ணில் இட்டால், அந்தக் காபனில் ஒரு பங்கு நீண்டகாலம் அங்கேயே கிடக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு.

சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. திறந்த தொட்டியில் ஒரு லீற்றருக்கு ஒரு கிராம் பாசி தேறினாலே பெரிய காரியம். அப்படியென்றால் ஒரு கிலோவுக்கு ஆயிரம் லீற்றர் நீரை வடிக்க வேண்டும். வடித்தெடுத்த களியிலும் ஐந்தில் நாலு பங்கு நீர்தான். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2.6 மெகாயூல் அளவு வெப்பம் வேண்டும். நாலு கிலோவுக்குப் பத்துக்கு மேல். அந்த ஒரு கிலோ பாசியை எரித்தால் கிடைப்பதே ஏறத்தாழ 20 மெகாயூல். டீசலிலோ விறகிலோ காயவைத்தால் மிச்சம் என்ன? வெயிலில் காயவைக்கலாம், உண்மைதான். ஆனால் மாரியில் என்ன செய்வது?

அடுத்தது பசளை. உலர்பாசி நூறு கிலோவில் ஐந்து முதல் பத்துக் கிலோ வரை நைதரசன் இருக்கும். அதை யூரியாவாகத் தொட்டியில் கொட்டி வளர்த்தால், அந்த யூரியாவைச் செய்த தொழிற்சாலை விட்ட காபனீரொட்சைட்டும் இந்தக் கரியின் கணக்கில்தான் வரும். போதாததற்கு, கரியாக்கும் சூட்டில் நைதரசனில் ஒரு பகுதி வாயுவாகவும் எண்ணெயாகவும் பிரிந்துவிடும். பசளையைச் சேமிக்கப் போய் பசளையை எரித்த கதை!

நந்திக்கடல் உவர்நீரில் வளர்க்கலாமே என்பார்கள். சரியாகக் கழுவாவிட்டால் உப்பு கரியிலேயே தங்கி வயலுக்கு வந்து சேரும்.

ஒரேயொரு இடத்தில் கணக்கு மாறுகிறது. 1999 இல் கண்டி வாவியில் நச்சுப்பாசி பெருகியதை நினைத்துப் பாருங்கள். வடிகான்களில் வந்து சேரும் நைதரசனும் பொசுபரசும்தான் இத்தகைய பெருக்கத்துக்குத் தீனி. நெல் அவிக்கும் ஆலையின் ஊறல்நீர் போன்ற கழிவைக் குளத்துக்குப் போகுமுன் தொட்டியில் மறித்துப் பாசிக்குக் கொடுத்தால், நீரும் தெளியும், யூரியாவும் வாங்க வேண்டியதில்லை. அங்கே கரி உபவிளைவு, நீர்ச்சுத்திகரிப்பே முதல் இலாபம். நகரக் கழிவுநீர் என்றால் கரியில் பார உலோகம் தங்கியிருக்கிறதா என்று பரிசோதித்தே வயலுக்கு எடுக்க வேண்டும். கரியாக்குவதும் மூடிய உலையில்தான். திறந்த குழியில் புகையவிட்டால் மீதேனும் காபனோரொட்சைட்டும் மேலே போகும்.

வெறும் கரிதான் தேவையென்றால், பத்து வீத ஈரத்தோடு காய்ந்த உமி ஆலை வாசலிலேயே குவிந்து கிடக்கிறது.