ஆறாத புண்ணுக்கு முடியின் வேர்



காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் வேதனைப்படுவோரை நாம் அறிவோம். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம். ஆனால் தோல் எடுத்த இடமும் இன்னொரு காயமாகிவிடும். வயதானவர்களுக்கு அது பெரிய பாரம்.

இதற்கு முடியின் வேரிலேயே ஓர் உதவி இருக்கிறது. மயிர்க்காலின் பக்கத்தில் உள்ள சிறு புடைப்பில் ஸ்டெம் செல்கள் தங்கியிருக்கின்றன. முடி உதிர்ந்தபின் மறுபடி முளைப்பது இவற்றால்தான். தோலில் காயம் பட்டால் அதை மூடவும் இவை துணைசெய்கின்றன.

சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் நோயாளியின் தலையிலிருந்து சில முடிகளை வேரோடு பிடுங்கி, வேரைச் சுற்றிய உறையின் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். சில வாரங்களில் அவை மெல்லிய தோல் ஏடாகப் பெருகின. அந்த ஏட்டைப் புண்ணின்மேல் வைத்தபோது, நெடுநாள் ஆறாத கால் புண்கள் ஆறியதை 1996-ல் வெளியிட்டார்கள். நோயாளியின் சொந்தச் செல்கள் என்பதால் உடல் அவற்றை அந்நியமாகத் தள்ளுவதில்லை. கத்தியும் தேவையில்லை.

இந்தப் புதுத் தோலில் முடி முளைக்காது, வியர்வையும் சுரக்காது. புண்ணில் சீழ் இருந்தாலோ, காலில் இரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ ஏடு ஒட்டாது. ஆகவே தினமும் புண்ணைக் கழுவிக் கட்டும் செவிலியரின் பொறுமையான வேலையே இன்றும் சிகிச்சையின் அஸ்திவாரம்.