விமானி சுற்றிப்போகும் மேகம்

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து அரைமணிக்கு ஒருமுறை வானிலை அறிக்கை வெளியாகிறது. பெயர் ‘மெட்டார்’. காற்று, பார்வைத் தூரம், மேகம், வெப்பநிலை, காற்றழுத்தம் எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிடும். உலகெங்கும் ஏறக்குறைய ஒரே குறியீட்டு முறை என்பதால், சிங்கப்பூரில் புறப்படும் விமானியும் சென்னையின் வரியைத் தடுமாறாமல் படிப்பார்.

மேகத்தைச் சொல்ல வானத்தை எட்டுப் பங்காக்குகிறார்கள். ஒன்றிரண்டு பங்கு மூடியிருந்தால் ‘ஃபியூ’. மூன்று, நான்கு என்றால் ‘ஸ்கேட்டர்டு’. ஐந்து முதல் ஏழு வரை ‘புரோக்கன்’. முழுதும் மூடினால் ‘ஓவர்காஸ்ட்’. அடுத்து வரும் மூன்று இலக்கம் மேகத்தின் அடிமட்ட உயரம், நூறடிக் கணக்கில். 015 என்றால் 1,500 அடி. பாதிக்கு மேல் வானத்தை மூடிய மேகங்களில் மிகத் தாழ்ந்ததன் அடிமட்டமே ‘சீலிங்’. இறங்கிவரும் விமானிக்கு ஓடுபாதை எந்த உயரத்தில் கண்ணில் படும் என்பதை அதை வைத்துக் கணிக்கலாம்.

மேகங்களை முறையாக வகைப்படுத்திப் பெயரிட்டவர், லண்டனைச் சேர்ந்த மருந்து தயாரிப்பாளர் லூக் ஹோவர்டு, ஆண்டு 1802. இன்றைய பட்டியலில் பத்துப் பேரினங்கள் உண்டு. ஆனால், மெட்டாரில் பெயர் சொல்லிக் குறிக்கப்படுபவை இரண்டுதான்: ‘சிபி’ எனப்படும் கியூமுலோநிம்பஸ், அந்த நிலையை நோக்கி ஓங்கி வளரும் கியூமுலஸ். மற்றவற்றுக்குப் பரப்பும் உயரமும் போதும்.

கியூமுலோநிம்பஸ் இடிமேகம். வெப்பமண்டலத்தில் அதன் உச்சி 15 கிலோமீட்டரையும் தாண்டும். பயணிகள் விமானம் பறப்பதோ 10 முதல் 12 கிலோமீட்டரில். மேலே தாண்ட முடியாது, சுற்றித்தான் போகவேண்டும். உள்ளே ஆலங்கட்டி, மின்னல், மேலும் கீழுமாக அலைக்கழிக்கும் காற்று. அடியில் இன்னும் மோசம். மழையோடு கொட்டும் குளிர்காற்று தரையில் மோதி நாற்புறமும் சிதறும். இதுவே ‘மைக்ரோபர்ஸ்ட்’. அதில் நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்காற்று. சில நொடிகளில் பின்காற்று. தூக்குவிசை சட்டென்று குறைய, தாழப் பறக்கும் விமானம் மீள உயரம் இருக்காது. 1985 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டல்லாஸில் டெல்டா 191 இப்படித்தான் விழுந்தது. 137 பேர் இறந்தனர். அதன் பிறகே அந்நாட்டு விமானங்களில் இத்தகைய காற்றை எச்சரிக்கும் கருவி கட்டாயமாயிற்று.

ஆகவே, 1,500 அடியில் வானம் முழுதும் மூடியிருந்தாலும் கருவிகளின் துணையோடு இறங்கிவிடலாம். எட்டில் ஒரு பங்கே ஆனாலும் ஒரு சிபி ஓடுபாதை முனையில் நின்றால், சென்னை விமானம் வட்டமடித்துக் காத்திருக்கும். எரிபொருள் குறைந்தால் பெங்களூருக்குத் திரும்பும்.