பேரிலைச் செடிகளும் அயலூர்த் தோட்டமும்

தில்லியில் 'அர்பி' என்றும், மும்பையில் 'அளு' என்றும், கொல்கத்தாவில் 'கொச்சு' என்றும் வழங்குவது நம் வீட்டுச் சேம்பேயன்றி வேறன்று. அதனைச் சமையலறைக்கே உரியதென எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் சந்தையில் வாங்கிய கிழங்கு ஒன்றை மண்ணிற் புதைத்து வேண்டிய நீரும் அளித்தோமாயின், சில மாதங்களில் யானைச் செவியை ஒத்த இலைகளை விரித்து நிற்கும். பூவின்றியே ஒரு முற்றத்தை அழகு செய்ய வல்ல செடிகளுள் சேம்பும் அதன் இனத்தவையும் தலையாயவை.

தமிழ் நாட்டினின்று வடபுலங்களிற் குடியேறிய நம்மவர் பலர் இச்செடிகளை ஆசையுடன் வைத்து, ஓராண்டு முடியுமுன்னே 'செத்துப்போயிற்று' என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுகின்றனர். பெரும்பாலும் செடி சாவதில்லை. புதிய ஊரின் பருவத்திற்கேற்ப அது உறங்குகிறது. நாமோ பழைய ஊரின் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதனைப் பார்க்கிறோம்.

இலை பெரிதாக இருப்பதன் இயல்பை முதலில் அறிதல் நலம். சிற்றிலை காற்றுப்பட்டு விரைவில் குளிரும். அகன்ற இலையோ வெயிலில் எளிதிற் சூடேறும். நீரை ஆவியாக வெளியிட்டே தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். இரவுக் குளிரிலும் அதற்கே இடர் மிகுதி. உலகெங்குமுள்ள ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்களை ஒப்புநோக்கி 2017இல் வெளியான ஓர் ஆய்வு, பகல் வெப்பம், இரவுக் குளிர் ஆகிய இரண்டுமே இலையின் அளவுக்கு எல்லை வகுக்கின்றன என்று காட்டியது. தில்லியில் மே மாதத்து அனற்காற்றும் சனவரி மாதத்துப் பனியும் ஒரே செடியைத் தாக்குகின்றன என்பதை எண்ணிப்பார்த்தால், அது படும் பாடு விளங்கும்.

மேலைநாட்டுத் தோட்ட நூல்களில் 'கன்னெரா' என்னும் செடியின் படத்தைக் கண்டு மயங்குவோர் உளர். ஆறடி அகலத்திற்கும் இலை விரிக்கும் அச்செடி குளிர்ந்த ஈரநிலத்திற்கு உரியது. நமது சமவெளியின் கோடையைத் தாங்காது. நமக்கு வாய்த்தவை சேம்பும், பெருஞ்சேம்பும், கல்வாழையுமே. அவற்றில் ஒரு குறைவுமில்லை.

சேம்பையும், வங்காளத்தார் 'மான்கொச்சு' என்றழைக்கும் பெருஞ்சேம்பையும் வேறுபடுத்தி அறிவது இன்றியமையாதது. சேம்பின் காம்பு, இலையின் பிளவுக்குச் சற்று உள்ளே, அடிப்புறத்திற் பொருந்தியிருக்கும். இலைநுனி நிலம் நோக்கும். நீர்த்துளி அதன்மேல் ஒட்டாது முத்தென உருளும். வளர்ந்த பெருஞ்சேம்பின் இலைப்பிளவோ காம்புவரை செல்லும். இலை பளபளப்பாக, நுனி பெரும்பாலும் வானோக்கி நிற்கும். இது வெறும் தாவர நூல் நுணுக்கமன்று. சேம்பு சேற்றிலும் தேங்கிய நீரிலும் மகிழ்ந்து வளரும். அதன் தொட்டியைக் கோடையில் நீர்த்தட்டின்மேல் வைக்கலாம். பெருஞ்சேம்பு ஈரத்தை விரும்பினும், நீர் வடியாவிடில் அதன் வேர் அழுகிவிடும். ஒன்றுக்கு உதவியது மற்றொன்றுக்கு நஞ்சாகிறது.

இனிப் பருவத்தைக் கூறுவோம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையை எதிர்நோக்கி நடுவோர், தில்லியிலும் அவ்வாறே செய்தால் இளந்தளிர் நேரே குளிரில் அகப்படும். அங்குப் பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ நடுதல் வேண்டும். ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டியில், ஈரம் காக்கும் மண்ணும் மட்கிய சாணவுரமும் சமமாகக் கலந்து, கிழங்கை மூன்று விரற்கிடை ஆழத்தில் வைக்கலாம். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள கிழக்குத் தாழ்வாரம் மிக ஏற்றது. டிசம்பரில் இலை மஞ்சளித்துச் சாயும்போது நீரைக் குறைத்துவிட வேண்டும். அந்நிலையில் இரக்கப்பட்டு ஊற்றும் நீரே கிழங்கை அழுகச் செய்கிறது. மேலே உலர்ந்த சருகைப் பரப்பி, தொட்டியைச் சுவரோரம் ஒதுக்கி வைத்தால், வெப்பம் திரும்பியதும் குருத்து எழும்.

மும்பையில் சூன் மழை வந்ததும் செடி தானே பெருகும். கொல்கத்தாவிலோ அதனை வளர்ப்பது அரிதன்று, அடக்குவதே அரிது. தரையில் விடாது தொட்டியில் வைப்பதே அறிவுடைமை. பெங்களூரில் குளிர் மெலிதாதலால் செடி பெரும்பாலும் முற்றும் உறங்குவதில்லை. வெயில் மட்டுமே உள்ள மாடியில் குடியிருப்போர் சேம்பை விட்டுக் கல்வாழையை நாடுதல் நன்று. அது வெயிலுக்கு அஞ்சாது, பூவும் தரும்.

குடிநீருக்கே முறை வைக்கும் நகரில் இவற்றிற்கு நீர் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அரிசியும் காய்கறியும் கழுவிய நீர் தாராளமாக உதவும். குளிர்சாதனப் பெட்டியினின்று கோடையிற் சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு; செடி மிகுதியாக நீர் கேட்கும் மாதங்களிலேயே அதுவும் கிடைக்கிறது என்பது ஒரு நற்பேறு. நீர் வடிகட்டும் கருவி ஒதுக்கும் நீரில் உப்பு செறிந்திருக்கும். அதனையே நாடோறும் ஊற்றினால் இலையோரம் கருகக்கூடும்.

நீர் தேங்குமிடத்தில் கொசு வரும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்த்தட்டில் மட்டுமன்றி, இலைக்காம்பின் அடியிற் குழிந்த இடத்தில் நிற்கும் சிறிது நீரிலும் முட்டையிட வல்லது. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறையேனும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி, காம்புக் குழிகளில் நீரைப் பீய்ச்சித் தேங்கியதை வெளியேற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஒரு வாரமும் இதனைத் தவறவிடலாகாது. இதற்கு நேரமில்லாதவர் இச்செடியை வளர்க்காதிருப்பதே அண்டை வீட்டாருக்குச் செய்யும் உதவியாகும்.

இவ்வினத்தின் காம்பிலும் இலையிலும் கால்சியம் ஆக்சலேட்டு ஊசிப் படிகங்கள் உள்ளன. நாக்கரிப்பும் தொண்டைக் கரகரப்பும் அவற்றால் விளைபவையே. நம் பாட்டிமார் புளி சேர்த்து நன்றாக வேகவைத்ததன் காரணமும் அதுவே. குசராத்தியர் 'பாத்ரா'வும், மராட்டியர் 'அளுவடி'யும் செய்வது உண்பதற்கென்று வளர்த்த சேம்பிலையில். அலங்காரத்திற்கென நாற்றுப் பண்ணையில் வாங்கிய செடியின் இலையையோ, சாலையோரச் சாக்கடையில் தழைத்ததையோ பறித்துச் சமைத்தலாகாது. செடியை அறுக்கும்போது கையுறை அணிக. சாறு கண்ணிற் படாதிருக்கட்டும். தவழும் குழந்தையுள்ள வீட்டில் தொட்டி எட்டாத உயரத்தில் இருக்கட்டும். குழந்தை கடித்துவிட்டால் வாயைத் துடைத்துக் குளிர்ந்த நீரோ பாலோ சிறிது சிறிதாகக் கொடுத்து, உதடோ நாக்கோ வீங்கினாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்பட்டாலும் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்க; இலைத் துண்டு ஒன்றையும் எடுத்துச் சென்றால், இன்ன செடியென அவர் அறிய உதவும்.